சூதாடாத குடும்பத்துக்கு எந்தக் கேசினோ நகரம்?

ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவி, பதினொன்றும் ஆறும் வயதான இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா என்று ஐந்து பேர். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் வெளிநாடோ வெளிமாநிலமோ போக வேண்டும். விளக்கும் நீரூற்றும் வானளாவிய விடுதிகளுமாகக் கண்ணைப் பறிக்கும் ஊராக இருக்க வேண்டும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ், சீனாவின் மக்காவ், சிங்கப்பூர், மலேசியாவின் ஜென்டிங், கோவா என்று ஐந்து பெயர்களைப் போட்டு, எது சிறந்தது என்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: யாரும் சூதாட மாட்டார்களாம், அவர் மட்டும் ஒரு மணி நேரம் உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்படுகிறாராம். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சூதாட்டத்தை நம்பிக் கட்டிய ஊரில் சூதாடாத குடும்பத்துக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? கொடுக்கிற காசுக்கு ஈடாக ஏதாவது கிடைக்குமா, அல்லது வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதானா?

நான் ராமநாதபுரத்தில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். அதற்கு முன்பு சிங்கப்பூரில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். சிங்கப்பூர், ஜென்டிங், மக்காவ், கோவா நான்கும் நேரில் அறிந்த ஊர்கள். லாஸ் வேகாஸுக்கு ஆட்களை அனுப்பியிருக்கிறேனே தவிர நான் போனதில்லை. அந்த ஊரைப் பற்றிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் அமைப்பு, தூரம், சட்டம் ஆகியவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். விசா விதியும் விமானக் கட்டணமும் அப்படியல்ல. இந்தப் பதிலை மட்டும் நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இந்த ஊர்களை எடைபோட நான் முதலில் பார்ப்பது, அங்குள்ள விடுதிகள் எதில் பிழைக்கின்றன என்பதைத்தான். லாஸ் வேகாஸின் பெரிய விடுதிகள் நிறைந்த ஸ்ட்ரிப் சாலையில் சூதாட்டத்தால் வரும் வருமானம் மொத்தத்தில் பாதிகூட இல்லை. அறை வாடகை, சாப்பாடு, மேடை நிகழ்ச்சி, மாநாடு ஆகியவற்றிலிருந்துதான் மீதியெல்லாம் வருகிறது. மக்காவில் நிலைமை தலைகீழ். 2013-இல் மக்காவ் கேசினோக்கள் ஈட்டிய தொகை ஏறத்தாழ 4,500 கோடி அமெரிக்க டாலர். அந்த ஆண்டு ஸ்ட்ரிப் சாலை சூதாட்டத்தில் ஈட்டியதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. இதில் வந்த வரியை வைத்துத்தான் மக்காவ் அரசு நடக்கிறது. 2008 முதல் அங்குள்ள குடிமக்களுக்கு ரொக்கப் பணம்கூடப் பகிர்ந்து கொடுக்கிறது. சூதாடாத விருந்தாளியின் காசு அங்கே யாருக்கும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. அதனால் உங்களை விரட்டிவிட மாட்டார்கள். ஆனால் உங்களை மனத்தில் வைத்து அந்த ஊரைக் கட்டவில்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

இருந்தாலும் மக்காவை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மொத்த ஊரே முப்பத்து மூன்று சதுர கிலோமீட்டர்தான். நம் ராமேஸ்வரம் தீவைவிடச் சிறியது. கடலைத் தூர்த்து எழுப்பிய கோட்டாய் பகுதியில் 2007-இல் திறந்த வெனிஷியன் விடுதி இருக்கிறது. கட்டடத்துக்குள்ளேயே கால்வாய் ஓடுகிறது. மேலே வானம்போலத் தீட்டிய கூரை. படகோட்டி பாடிக்கொண்டே துடுப்புப் போடுகிறார். கொஞ்சம் தள்ளி ஈஃபில் கோபுரத்தைப் பாதி உயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு நாள் கொண்டாட்டம். எல்லையிலிருந்தும் படகுத்துறையிலிருந்தும் பெரிய விடுதிகளுக்குக் காசில்லாத பஸ் ஓடுகிறது. அதில் ஏற, சூதாடுவீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

எனக்குப் பிடித்தது பழைய மக்காவ். போர்த்துகீசியர் 1557-இல் குடியேறி 1999 டிசம்பரில் சீனாவிடம் ஒப்படைத்த ஊர் அது. 1835-இல் தீயில் எரிந்துபோன புனித பவுல் தேவாலயத்தின் முகப்புச் சுவர் மட்டும் படிக்கட்டின் உச்சியில் தனியாக நிற்கிறது. கடலோடிகளைக் காக்கும் அம்மனுக்குக் கட்டிய அ-மா கோயில், போர்த்துகீசியர் வருவதற்கு முன்பிருந்தே இருப்பது. சாம்பிராணிபோல அங்கே ஊதுவத்திப் புகை எப்போதும் சுருண்டுகொண்டிருக்கும். நம் கரையில் பிறந்தவர்களுக்கு இந்த வரலாறு ஒன்றும் அந்நியமில்லை. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் 1552-இல் இறந்தது மக்காவுக்குத் தென்மேற்கே உள்ள ஒரு தீவில். அவருடைய சபையைச் சேர்ந்த அந்தோனியோ கிரிமினாலி 1549-இல் கொல்லப்பட்டது உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வேதாளையில். உங்கள் பெரிய பையனிடம் இதைச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். அவன் காதில் வாங்குவான் என்று நான் உத்தரவாதம் தரவில்லை.

மக்காவ் எங்கே உதைக்கிறது என்றால், அம்மாவுக்கும் சின்னப் பிள்ளைக்கும். பழைய நகரம் முழுக்க மேடும் பள்ளமும், வழுக்கும் கல் பாவிய தெருவும். சைவச் சாப்பாடு தேட வேண்டும். இந்திய உணவகங்கள் இருக்கின்றன, ஆனால் விடுதிக்குள் இருப்பவை கையைச் சுடும். போய்ச் சேரும் வழியும் சுற்றுவழி: சென்னையிலிருந்து ஹாங்காங், அங்கிருந்து 2018-இல் திறந்த 55 கிலோமீட்டர் கடல் பாலத்தில் பஸ், அல்லது படகு. இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் மக்காவில் தங்கலாம் என்பது பல காலமாக இருக்கும் விதி. ஆனால் ஹாங்காங்குக்குள் நுழைய இணையத்தில் முன்பதிவு அனுமதி வாங்க வேண்டும்; அதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மே மாதத் தொடக்கத்தில் சீனாவில் தொடர் விடுமுறை வரும். அந்த வாரம் மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள். மொத்தத்தில் ஹாங்காங் போகிறவர்கள் இரண்டு நாள் ஒட்டிப் பார்க்க வேண்டிய ஊர் மக்காவ். ஒரு வாரத்துக்கு அங்கே வேலையில்லை.

லாஸ் வேகாஸ் என் அளவுகோலின்படி சூதாடாதவனை மதிக்கும் ஊர்தான். ராமேஸ்வரத்துக்கு வந்து இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடாமல், தனுஷ்கோடியையும் பாம்பன் பாலத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவரை நம் ஆட்டோக்காரர் குறைவாக நினைப்பதில்லை அல்லவா, அப்படித்தான். பெலாஜியோ விடுதியின் முன்னால் ஆடும் நீரூற்றுக்குக் கட்டணமில்லை. ஹூவர் அணை ஒரு மணி நேரத்துக்குள், கிராண்ட் கேன்யனின் மேற்கு விளிம்பு இரண்டு மணி நேரக் காரோட்டத்தில். ஆனால் அங்கே சாப்பிடப் போகவும் லிஃப்ட் ஏறவும் பெரும்பாலான விடுதிகளில் சூதாட்டக் கூடத்தின் நடுவேதான் நடக்க வேண்டும். பிள்ளைகள் கடந்து போகலாம், நிற்கக் கூடாது என்பது நெவாடா மாநிலச் சட்டம். பெரும்பாலும் சிகரெட் புகைக்கத் தடையில்லாத கூடங்கள் அவை. அறை வாடகை மலிவு என்று பதிவுசெய்தால், விடுதிக் கட்டணம் என்று நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது டாலரைத் தனியாகச் சேர்ப்பார்கள். கோடையில் நாற்பது டிகிரிக்கு மேல் போகும் வறண்ட வெயில். இதற்கெல்லாம் முன்னால் அமெரிக்க விசா, சென்னையில் நேர்காணல், இறங்கி ஏறி ஒரு நாளைத் தின்னும் விமானப் பயணம். கலிஃபோர்னியாவில் மகனோ மருமகனோ இருந்து, அவரைப் பார்க்கப் போகும் சாக்கில் காரில் போய்வரலாம். மண்டபத்திலிருந்து ஒரு வாரத்துக்கு இதற்கென்றே கிளம்புவது வீண்.

சிங்கப்பூரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கேசினோவை அரசே கைக்குள் வைத்திருக்கிறது. 2006-இல் சட்டம் கொண்டுவந்து இரண்டே இரண்டு இடங்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். 2010-இல் செந்தோசா தீவில் ரிசார்ட்ஸ் வேர்ல்டும் கடற்கரையோரம் மரினா பே சாண்ட்ஸும் திறந்தன. ஒவ்வொன்றிலும் சூதாட்டப் பரப்பு 15,000 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் வரம்பு போட்டார்கள். பின்னர் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். மீதி இடமெல்லாம் கேளிக்கைப் பூங்கா, மீன் காட்சியகம், அருங்காட்சியகம், மாநாட்டு அரங்கு, கடைத்தெரு. சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரி கட்ட வேண்டும். 2019 வரை அது 100 வெள்ளியாக இருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு வரியில்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். உங்கள் மாமா பையன் அங்கே நிரந்தரவாசியாக இருந்து, "வா, நானும் கூட வருகிறேன்" என்றால், அவருக்கு மட்டும் 150 வெள்ளி செலவு வைக்கிறீர்கள் என்று அர்த்தம். தன் வீட்டு ஆளைக் கேசினோவுக்குள் விடாதீர்கள் என்று குடும்பத்தாரே விண்ணப்பித்துத் தடை வாங்கவும் அங்கே சட்டத்தில் இடமுண்டு. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி நிற்பதற்கு முன்பு எத்தனை வீடுகள் சீரழிந்தன என்று பார்த்தவன் என்ற முறையில், இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு இதனால் என்ன லாபமென்றால், கேசினோ இருப்பதே தெரியாமல் அந்த வளாகங்களில் நாள் முழுக்கச் சுற்றலாம். இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வாசலோடு சரி. வேகாஸ்போல நடுவே நடந்து போகும் வேலையும் இல்லை. இரவில் மரினா பேயில் நீரும் ஒளியும் சேர்ந்த காட்சி, பக்கத்துத் தோட்டத்தில் மரம்போல எழுப்பிய இரும்புக் கோபுரங்களின் ஒளிக்காட்சி, இரண்டும் இலவசம். மரினா பே சாண்ட்ஸ் விடுதியின் மூன்று கோபுரங்களின் தலையில் கப்பல்போலக் கிடக்கும் மொட்டைமாடிக்குக் கட்டணம் கொடுத்து ஏறலாம்; அங்குள்ள நீச்சல் குளம் அந்த விடுதியில் தங்குகிறவர்களுக்கு மட்டும். வரவேற்பு மேசையில் இருந்த காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி அந்தக் குளத்துக்குள் எப்படியாவது போக முடியுமா என்பதுதான். முடியாது. அதற்காக அங்கே ஓர் இரவு அறை எடுப்பவர்கள் உண்டு; ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுத்தால் அந்த ஓர் இரவுக்கு ஆகும் பணத்தில் லிட்டில் இந்தியாவில் பல இரவுகள் தங்கிவிடலாம். அம்மாவுக்கு மாரியம்மன் கோயில், தமிழில் எழுதிய அறிவிப்புப் பலகை, வாழையிலைச் சாப்பாடு, எல்லா ரயில் நிலையங்களிலும் லிஃப்ட். மதுரையிலிருந்து நேரடி விமானமும் இருக்கிறது. விசா மட்டும் அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

ஜென்டிங் மலேசியாவில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ. லிம் கோ டோங் என்பவர் 1965-இல் தொடங்கி, காட்டை வெட்டி மலைமேல் சாலை போட்டு, 1971-இல் திறந்தார். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம். கம்பிவட ஊர்தியில் ஏறினால் கீழே காடும் இடையிடையே மேகமும். நம் பிள்ளைகளுக்குக் குளிர் என்பதே ஒரு வேடிக்கை. இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. மேலே ஏழாயிரத்துக்கும் மேல் அறைகள் கொண்ட ஒரு விடுதி இருக்கிறது. அறை சுமார்தான், ஆனால் விலை நியாயம். உள்ளரங்க விளையாட்டுப் பூங்காவோடு 2022-இல் வெளியரங்கப் பூங்காவும் திறந்துவிட்டார்கள். மழையும் மூடுபனியும் வந்தால் வெளியே உள்ளவற்றை நிறுத்திவிடுவார்கள். அது நம் கையில் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மதம் எனக்குத் தெரியாது. இந்தப் பதிலைக் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் உள்ளவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: மலேசியாவில் முஸ்லிம்கள் கேசினோவுக்குள் போகக் கூடாது, வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். மற்ற எல்லா இடங்களுக்கும் தடையில்லை. ஜென்டிங்குக்கு இரண்டு இரவு தாராளம். மூன்றாம் நாள் பிள்ளைகளே இறங்கலாம் என்பார்கள்.

கோவாவை இந்தப் பட்டியலில் சேர்த்ததே பொருத்தமில்லை. அங்கே மேசை வைத்து ஆடும் சூதாட்டத்துக்குக் கப்பலில் மட்டுமே அனுமதி. கரையிலுள்ள நட்சத்திர விடுதிகளில் இயந்திரங்கள்தாம் இருக்க வேண்டும். பணஜியில் மாண்டோவி ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சிறு படகில் கூட்டிப் போவார்கள். நுழைவுக் கட்டணத்திலேயே சாப்பாடும் மதுவும் சேர்ந்திருக்கும். நண்பர்கள் கூட்டத்துக்கு அது ஓர் இரவு. குடும்பத்துக்குக் கோவா என்றால் கடற்கரையும் பழைய கோவாவின் தேவாலயங்களும். அரியமான் கடற்கரைக்கு நினைத்தால் போய்வருகிற உங்களுக்குக் கடற்கரைக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் கேட்காத ஓர் ஊரும் இருக்கிறது. கொழும்பு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி முப்பது கிலோமீட்டர் அளவுதான். 1964 புயலுக்கு முன்பு போட் மெயில் ரயிலில் ஏறி, கப்பல் மாறி, நம் தாத்தாமார் போய்வந்த ஊர். இப்போது மதுரையிலிருந்து ஒரு மணி நேர விமானம். 2025 ஆகஸ்டில் அங்கே சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய வளாகத்தில் கேசினோ திறந்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் இது மக்காவோடு போட்டி போடாது. ஆனால் கண்டி, நுவரெலியா, யானைகள் என்று சேர்த்தால் செலவு குறைந்த ஒரு வாரம் கிடைக்கும். ஒளிவெள்ளம்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருப்பதால் இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன்.

இனி அந்த ஒரு மணி நேரம். ஆசைப்படுவதில் தவறில்லை, நானும் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆசிய நகரங்களில் கூட்டம் மொய்ப்பது பக்காரா என்ற சீட்டாட்ட மேசையில். கவிழ்த்து வைத்த சீட்டை உடனே திருப்ப மாட்டார்கள். ஓரத்தை இரண்டு கட்டைவிரலால் மயிரிழை மயிரிழையாக மடக்குவார்கள், குனிந்து பார்ப்பார்கள், வேண்டாத புள்ளி தெரிந்தால் அது பறந்துபோகட்டும் என்று வாயால் ஊதுவார்கள். பின்னால் நிற்கிற முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து கூச்சலிடுவார்கள். அந்தச் சீட்டு அத்தோடு கசங்கிப் போகும், மறுபடி பயன்படுத்துவதில்லை. காசு போடாமல் இதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், மேசையில் கைவைக்காத வரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். படம் எடுக்கக் கூடாது.

விளையாடித்தான் பார்ப்பேன் என்றால் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். ரூலெட் என்பது, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ஆட்டம். ஐரோப்பியச் சக்கரத்தில் ஒரு சுழியத்தோடு சேர்த்து 37 எண்கள். எல்லா எண்ணிலும் நூறு ரூபாய் வைத்தால் 3,700 ரூபாய். எந்த எண் வந்தாலும் உங்கள் கைக்குத் திரும்புவது 3,600. அந்த நூறு, அதாவது 2.7 விழுக்காடு, விடுதிக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் சுழியம் இரண்டு, மொத்தம் 38 எண்கள், ஆனால் தருவது அதே 3,600. விடுதியின் பங்கு 5.26 விழுக்காடாகிவிடும். ஒரு சுற்றில் நீங்கள் ஜெயிக்கலாம், யாரும் தடுக்க முடியாது. சுற்றுகள் கூடக்கூட இந்த விழுக்காடு தன் வேலையைக் காட்டும். ஆகவே போகட்டும் என்று நினைக்கிற தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, கார்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மக்காவில் பழைய லிஸ்போவா விடுதியைச் சுற்றி நியான் விளக்குப் போட்ட அடகுக் கடைகள் வரிசையாக இருக்கும். கண்ணாடிக்குள் தங்கக் கைக்கடிகாரங்கள் குவிந்து கிடக்கும். அவற்றில் பல, இன்னும் ஒரு சுற்று என்று நினைத்தவர்கள் விட்டுச் சென்றவை.

என் யோசனை இது. மதுரையிலிருந்து சிங்கப்பூர் போய் நான்கு இரவு தங்குங்கள். அங்கிருந்து பஸ்ஸில் கோலாலம்பூர். எல்லையில் கூட்டமில்லை என்றால் ஐந்தாறு மணி நேரம். ஜென்டிங்கில் இரண்டு இரவு, இறங்கும்போது பத்துமலை; 272 படி அம்மாவால் முடியாது, முருகனைக் கீழிருந்தே நன்றாகப் பார்க்கலாம். திரும்பக் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். உங்கள் ஒரு மணி நேரத்தைச் சிங்கப்பூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், இரவில் அம்மாவும் பிள்ளைகளும் தூங்கிய பிறகு. டிசம்பர் கடைசியைவிட மே மாதம் மேல். ஜூனில் அந்த இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் விடுமுறை விடுவதால் பூங்காக்களில் வரிசை நீளும். டிக்கெட் எடுக்கும்போதே அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று குறிப்பிடச் சொல்லுங்கள். சின்னவனின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ராட்டினங்களுக்கெல்லாம் உயர வரம்பு உண்டு, வாசலில் வைத்து அழவிட வேண்டாம். எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். பிள்ளைகளுடையது ஐந்து ஆண்டில் காலாவதியாகும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு நாட்டுக்கும் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். இரண்டுமே இலவசம், கட்டணம் கேட்கும் இணையதளம் ஏதாவது முன்னால் வந்து நின்றால் அதை மூடிவிட்டு அரசுத் தளத்தைத் தேடுங்கள்.